பனியின் வயிற்றுக்குக் கீழே நல்ல தண்ணி

எங்கள் உடுப்பிட்டியில் யாராவது கிணறு வெட்டினால், முதல் ஊற்றுக் கண்டதும் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். நான் போய் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டுத் தலையை ஆட்டுவேன். மேலும் கீழும் ஆட்டினால் நல்ல தண்ணி. பக்கவாட்டில் ஆட்டினால் சவர். உப்புக் கரிக்கும் தண்ணீரை நாங்கள் சவர் என்போம். உப்பில்லாத தண்ணீருக்கு நல்ல தண்ணி என்று பெயர். வாய் திறந்து சொல்ல மாட்டேன். நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்குக் குரல் வராது. பத்தாம் வகுப்புவரை படித்தபோதும், வாத்தியார் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்துகொண்டே அடி வாங்கியவள் நான்.

"பிள்ளை, உன்ரை நாக்கு ருசி பாக்கத்தான் படைச்சது. கதைக்கிறதுக்கு வேறை நாக்கு ஒண்டு வாங்கோணும்," என்று பக்கத்துக் காணிப் பொன்னையா அண்ணை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எண்பத்தொன்பதில் என் தம்பி குகனுக்கு நோர்வேயில் முதல் பிள்ளை பிறக்க இருந்தது. அவனுடைய மனைவி வசந்திக்குத் தாய் இல்லை. பிள்ளைப்பேறு பார்க்க ஆள் வேண்டும். நான் கல்யாணம் முடிக்காதவள், வயது நாற்பத்தேழு, என்னைத் தடுக்க ஒருவருமில்லை. பயணம் சொல்லப் போனபோது பொன்னையா அண்ணை வெங்காயப் பாத்தியில் நின்றபடி கேட்டார்.

"நோர்வேக்கோ? உந்த நாக்கோடையோ? அங்கை ஆர் உன்னைத் தண்ணி ருசி பாக்கக் கூப்பிடப்போகினம்?"

அப்போது நானும் சிரித்தேன்.

சோதனை அங்கே இறங்கியதுமே தொடங்கியது. சுங்கத்தில் ஒரு மஞ்சள் தலைமுடிக்காரன் என் பெட்டியைத் திறந்து, வசந்திக்கென்று இடித்துக் கொண்டுபோன பத்தியச் சரக்குத் தூளை எடுத்தான். மிளகும் சீரகமும் திப்பிலியும் சேர்ந்த தூள். இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டான். விடை தெரியும், வாய் வரவில்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். பிறகு கைகளைச் சேர்த்துக் குழந்தை ஆட்டுவதுபோல ஆட்டினேன். அவன் என் நரைத்த தலையைப் பார்த்தான், வயிற்றைப் பார்த்தான், மறுபடி தலையைப் பார்த்தான். சந்தேகம் தீராமல் தூளை மூக்கருகே கொண்டுபோனான். அவன் தும்மிய தும்மலில் பக்கத்து மேசைக்காரன் ஓடிவந்தான். அவனும் முகர்ந்து பார்த்தான், அவனும் தும்மினான். இரண்டு பேரும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு என்னைப் போகச் சொல்லிக் கைகாட்டினார்கள்.

தம்பி இருந்தது வடக்கே ஒரு சின்னப் பட்டினம். மலைகளுக்கு நடுவே கடல் ஒடுங்கி உள்ளே வந்து கிடந்தது. தொண்டைமானாற்றுக் கடலேரியை எடுத்து இரண்டு பக்கமும் மலை வைத்து, அடியைப் பெரிய குழிபோல ஆழமாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனி மாதம் என்றபடியால் சூரியன் மறைவதே இல்லை. அங்கே சேவல் வளர்த்தால் எப்போது கூவுவது என்று அதற்கே விசர் பிடித்துவிடும்.

நான் போய்ச் சேர நாலு நாள் முன்பே வசந்திக்குப் பெண் பிள்ளை பிறந்துவிட்டது. முதல் நாளே குசினியைக் கையிலெடுத்தேன். சரக்குக் கறி கொதித்ததும் மேல்மாடிக் கிழவி கதவைத் தட்டி, ஏதாவது எரிகிறதா என்று விசாரித்தாள். அந்த ஊர்ச் சாப்பாடு எனக்கு ஒத்துவரவில்லை. அவித்த மீன், அவித்த உருளைக்கிழங்கு, இரண்டிலும் உப்புப் போட மறந்ததுபோல ஒரு ருசி. கருவாட்டை மட்டும் அவர்கள் சரியாகச் செய்தார்கள். கடற்கரையில் மரச்சட்டம் கட்டி ஆயிரக்கணக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து வீசும்போது வல்வெட்டித்துறையில் நிற்பதாகவே நினைத்துக்கொள்வேன். பழுப்பு நிறத்தில் ஒரு பாற்கட்டியும் இருந்தது. பனங்கட்டியைப் பாலில் போட்டுக் காய்ச்சி மறந்துபோய் அடிப்பிடிக்கவிட்ட ருசி. அதை நான் தேத்தண்ணியோடு கடித்துக் குடித்ததைப் பார்த்து வசந்தி சிரித்தாள்.

"மச்சாள், உது பாண்துண்டிலை வைச்சுச் சாப்பிடுறது."

"இருக்கட்டும் பிள்ளை. கடிக்கத்தானே பனங்கட்டி."

மூன்றாம் நாள் மருந்து வாங்கக் கடைவீதிக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். அங்கே நடத்துநர் இல்லை. இறங்கவேண்டிய ஆள் தலைக்கு மேலே உள்ள கயிற்றை இழுக்கவேண்டும், மணி அடிக்கும். பஸ்ஸில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மணி அடித்தால் பன்னிரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்ப்பார்களே! எங்கள் வீட்டு வாசல் கண்ணெதிரே கடந்து போனது. கயிற்றைப் பார்த்தபடி பேசாமல் இருந்தேன். பஸ் கடைசி நிறுத்தம்வரை போய் நின்றது. சாரதி திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "இருபது நிமிடத்தில் திரும்பிப் போவேன், இருங்கள்," என்பதுபோலக் கைகாட்டிவிட்டுப் புகைக்கப் போனார்.

அந்த இடத்தில் ஓர் ஆறு மலையிலிருந்து விழுந்து கடலில் கலந்தது. கோடைக்கு உருகும் பனித் தண்ணீர், கழுநீர்போல வெளிறிய நிறம். அது கடலோடு கலக்காமல் மேலேயே விரிந்துகொண்டு போனது. ஒரு தோணி அதன் நடுவே போனபோது, பின்னால் அதன் இயந்திர விசிறி கிளப்பிய கோடு மட்டும் கருநீலமாகத் தெரிந்தது. கீழே வேறு தண்ணீர். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கற்களில் இறங்கி ஓர் அள்ளு அள்ளி வாயில் வைத்தேன். பல் கூசும் குளிர். உப்பு இல்லை. கடலில் நின்றுகொண்டு நல்ல தண்ணி குடித்தேன் என்று ஊரில் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் கிணறுகளிலும் இதுதானே கதை. மழைத் தண்ணி பாரமில்லாதது, சுண்ணாம்புக் கல்லுக்கடியில் சவருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கும். அளவுக்கு மேல் தோண்டினால் சவர் ஏறிவிடும்.

தம்பிக்கு வேலை கடலை ஆராயும் ஒரு நிலையத்தில். கூட்டித் துடைப்பதும் தொட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்புவதும் அவன் பொறுப்பு. நாலாம் நாள், புதன்கிழமை, அவனுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோனேன். இறங்கவேண்டிய இடத்தில் வேறொருவர் மணி அடித்த புண்ணியத்தில் நானும் இறங்கினேன்.

பெரிய கூடத்தின் நடுவில் இரண்டு ஆள் நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குப் பக்கத்தில் என் வயதுள்ள ஒரு பெண், ஆம்பிளைச் சட்டையும் கட்டைத் தலைமுடியுமாக நின்றாள். சிக்ரிட் என்று பெயர். என்னைக் கண்டதும் நான் இருக்கக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள். தென்துருவத்துப் பனியைப் பற்றி அவள் சொல்லச் சொல்லத் தம்பி தமிழாக்கினான்.

"அக்கா, அங்கை பனி தரையிலை மட்டும் இல்லை. தரையிலை இருந்து வழுக்கி வழுக்கி வந்து கடலுக்கு மேலை நீட்டிக்கொண்டு மிதக்குதாம். வீட்டுக் கூரையிலை இருந்து தாழ்வாரம் நீட்டுமெல்லே, அப்பிடி."

"எவ்வளவு தடிப்பு?"

"பத்துப் பதினைஞ்சு பனை ஒண்டுக்கு மேலை ஒண்டு வைச்ச தடிப்பு."

"அவ்வளவு பாரமும் மிதக்குதோ?"

"ஓம். அதுக்குக் கீழை கடல் கிடக்குது. வெளிச்சமே போகாத கடல். கடல் வத்திப் பெருகேக்கை அந்தப் பனி முழுக்க ஏறி இறங்குமாம், நெஞ்சு மூச்சுக்கு ஏறி இறங்கிறமாதிரி."

சிக்ரிட் தன் கையைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினாள். பனியின் வயிறு சமதரை இல்லை. தரையில் முட்டும் இடத்தில் ஆழத்தில் இருக்கும், கடலை நோக்கி வரவர மேலேறும். உப்புக் கடல் தண்ணீர் அடியால் உள்ளே போய் அந்த ஆழத்து வேரைத் தொடும். ஆழத்தில் அழுத்தம் அதிகம், அழுத்தம் ஏறினால் பனி இன்னும் குளிரிலேயே உருகும். அதனால், மேலே உறைந்துவிடும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீரும் அங்கே பனியைக் கரைக்கும். கரைந்த தண்ணீரில் உப்புக் குறைவு, பாரமும் குறைவு. அது பனியின் வயிற்றை ஒட்டிக்கொண்டே சரிவில் மேலே ஏறும். ஏற ஏற அழுத்தம் குறையும். பிறகு அது தண்ணீராக இருக்க முடியாமல் துகள் துகளாக உறைந்து மறுபடி பனியின் வயிற்றிலேயே ஒட்டிக்கொள்ளும்.

"ஓரிடத்திலை சுரண்டி இன்னோரிடத்திலை அப்புது," என்றேன் தம்பியிடம் மெதுவாக. அவன் அதைச் சொன்னதும் சிக்ரிட் தொடையில் தட்டிச் சிரித்தாள். பதினொரு வருடமாக இதைச் சொல்லிவருகிறாளாம். இவ்வளவு சுருக்கமாகத் தன்னால் சொல்ல முடியவில்லையாம்.

பதினொரு வருடமும் அவள் அந்த இடத்தைக் கண்ணால் கண்டதில்லை. அந்த வருடக் கடைசியில் ஒரு கப்பல் தெற்கே போக இருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். பனியில் துளை போட்டுக் கீழே கருவி இறக்க அவள் போவதா, பனியின் மேற்பக்கத்தை அளக்கும் இன்னொருவர் போவதா என்று முடிவு செய்யத் தலைநகரிலிருந்து மூன்று பேர் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். பனிக்குக் கீழே இருப்பது அசையாத செத்த தண்ணீர் என்பது அவர்களில் இரண்டு பேருடைய எண்ணம். அது அசைகிறது என்று கண்முன்னே காட்டத்தான் இந்தத் தொட்டி.

காட்டிப் பார்த்தாள். நீலச் சாயம் கலந்து உறையவைத்த பனிப் பலகையைச் சாய்வாகத் தொட்டியில் பொருத்தினார்கள். கரையும் நீலம் சரிவோடு மேலே ஏறவேண்டும். ஏறவில்லை. மழைக்கால் இறங்குவதுபோல நூல் நூலாக அடிக்கு விழுந்தது. சிக்ரிட் விளக்கை மாற்றினாள், சரிவைக் கூட்டினாள். மறுபடியும் விழுந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

தொட்டியின் அடிக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போலக் கை போனது. ஏந்தி வாயில் வைத்தேன்.

"சீ! அக்கா, உதைக் குடியாதேங்கோ! தோணி நிக்கிற துறைமுகத் தண்ணி!" என்று தம்பி கத்தினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

என்ன சொல்கிறாள் என்று சிக்ரிட் கேட்டாள். நான் தலையைக் குனிந்தபடி, "நல்ல தண்ணியடா," என்றேன். தம்பி அதை அவர்கள் மொழியில் சொன்னான். சிக்ரிட் நெஞ்சில் கைவைத்து எனக்கு நன்றி சொன்னாள். மற்றவர்களும் புன்னகை செய்தார்கள். சரி, விளங்கிவிட்டது, இனி மாற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை தம்பி முகம் வாடி வந்தான். அன்றைக்கும் நீலம் விழுந்ததாம், இரண்டு தரம். சோற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னான்:

"பாவம் அந்த மனுசி. நீங்கள் தண்ணி நல்லாயிருக்குது எண்டு சொன்னது மட்டும்தான் அவவுக்கு இந்தக் கிழமை கிடைச்ச ஒரே சந்தோசம்."

"நான் எப்பயடா அப்பிடிச் சொன்னனான்?"

"நல்ல தண்ணி எண்டியளே!"

"நல்ல தண்ணி எண்டால் உப்பில்லாத் தண்ணியடா, விசரா! கிணத்துத் தண்ணி! அதிலை பனி கரைஞ்சால், குளிர்ந்த தண்ணிதானே பாரம், விழாமல் என்ன செய்யும்?"

தம்பியின் கையிலிருந்த பிடி சோறு சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்தது. வசந்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏழு வருசம் நோர்வேயிலை இருந்து, பிறந்த ஊர்த் தண்ணியை மறந்துபோனியள்!"

பிறகுதான் அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். ஆழத்திலிருந்து கடல் தண்ணீர் எடுக்கும் பெரிய குழாயின் பம்பு அந்தக் கிழமை திருத்தத்தில் இருந்தது. அதற்குப் பதிலாகத் துறைமுகத்தில் ஒரு றப்பர்க் குழாயைப் போட்டு அவனே தண்ணீர் எடுத்திருக்கிறான். குழாயின் வாய் மிதந்துகொண்டு மேலேயே, ஆறு துறைமுகம்வரை கொண்டுவந்து பரப்பிய தண்ணீரில், நின்றிருக்கிறது. உப்பு அளக்கும் கருவியோ கப்பல் சாமான்களோடு பெட்டியில் அடைபட்டுப் போய்விட்டது. கடல் தண்ணீரில் உப்பு இருக்குமா என்று யாருக்குச் சந்தேகம் வரும்? கடல்மேல் நல்ல தண்ணி மிதப்பதை வாயில் வைத்துக் கண்டவள் நான்தான், அதுவும் மணி அடிக்க வெட்கப்பட்டதால்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே நானும் அவனோடு போனேன். தொட்டி நிறைந்து நின்றது. சிக்ரிட் எங்களுக்கு முதுகு காட்டி விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சுற்றி ஐந்தாறு பேர். தம்பி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னடா, போய்ச் சொல்லு."

"நான் துடைக்கிற ஆள், அக்கா. தண்ணி எடுத்ததும் நான்தான். இவ்வளவு பேருக்கு முன்னாலை நான் என்னெண்டு…"

நான் நேரே தொட்டியருகே போய், கையை முழங்கைவரை உள்ளே விட்டு அள்ளி, சிக்ரிட்டின் முன்னால் நீட்டினேன். என் வாயிலிருந்து எனக்கே தெரியாத ஒரு குரல் வந்தது.

"நோ சால்ட்!"

அந்தக் கூடம் பெரியது. குரல் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது. அவர்கள் மொழியிலும் உப்புக்கு அதே சொல்தானாம். சிக்ரிட் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் உள்ளங்கையிலிருந்தே ஒரு வாய் உறிஞ்சினாள். அவள் கண்கள் விரிந்தன. ஒரு சொல்லைச் சத்தமாகச் சொன்னாள். அது என்ன சொல் என்று தம்பி இன்றுவரை எனக்குத் தமிழாக்கவில்லை.

அதன்பிறகு நடந்தது எல்லாம் ஓட்டம்தான். துறைமுகத்தில் குழாயின் வாயில் துருப்பிடித்த இரும்புக்கட்டை ஒன்றைக் கட்டினோம். நான் இரு கையையும் விரித்துப் பாகம் பாகமாக அளந்து கொடுக்க, தம்பி இறக்கினான். இரண்டு பாகத்தில் ஒரு கோப்பை எடுத்தோம், வெறும் ஆற்றுத் தண்ணி. நாலு பாகத்தில் சவர். எட்டுப் பாகத்தில் வாயில் வைத்ததும் துப்பினேன், அசல் கடல். என் பக்கத்தில் நின்று சிக்ரிட்டும் ஒவ்வொரு கோப்பையையும் ருசி பார்த்து, என்னைப்போலவே துப்பினாள். தொட்டியை வெறுமையாக்கி மறுபடி நிரப்பி முடிய, வந்தவர்களின் கார் வாசலில் நின்றது.

மூன்று பேரும் கோட்டைக் கழற்றாமலே தொட்டிக்கு முன் நின்றார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், அவர்கள் பேசியதைத் தம்பி என் காதுக்குள் தமிழாக்கினான். நீலப் பனியைப் பொருத்தினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பனியின் ஆழத்து நுனியில் ஒரு நீல மயிர்க்கோடு பிறந்தது. விழவில்லை! வயிற்றை ஒட்டிப்பிடித்துக்கொண்டு, சரிவில் ஏறத் தொடங்கியது. ஏறி, தடித்து, சுருண்டு, தொட்டியின் மறுபக்கம்வரை ஓடியது. கீழே தெளிந்த உப்புத் தண்ணீர் அதற்கு எதிர்ப்பக்கமாக, பனியின் வேரை நோக்கி மெல்ல நகர்ந்ததை, அதில் மிதந்த தூசியைக் கொண்டு சிக்ரிட் விரலால் காட்டினாள். வந்தவர்களில் மூத்தவர், வெள்ளைத் தாடிக்காரர், கோட்டோடு ஈரத் தரையில் முழங்காலிட்டுக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"மேலே ஏறி உறைவதைக் காட்ட முடியாதா?" என்று கேட்டார்.

"இந்தத் தொட்டிக்கு அந்த ஆழம் இல்லை. அதை அங்கே போய்த்தான் பார்க்கவேண்டும்," என்றாள் சிக்ரிட்.

தாடிக்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு மற்ற இருவரையும் பார்த்தார். "அப்படியென்றால் போகட்டும்," என்றார்.

கூடம் முழுக்கக் கைதட்டியது. சிக்ரிட் நேரே கதவுக்கு வந்து என்னை வெளியே இழுத்துக் கட்டிப்பிடித்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஓடவேண்டும்போல் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் கயிற்றை இழுத்தேன். ஒரு தரம் போதும். நான் இரண்டு தரம் இழுத்தேன்.

ஆவணியில் ஊர் வந்து சேர்ந்தேன். அடுத்த சித்திரையில் சிக்ரிட்டின் கடிதம் வந்தது. உள்ளே ஒரு படம். வெள்ளை வெளியில் ஆள் இறங்கமுடியாத ஒடுக்கமான துளை, பக்கத்தில் தொப்பியும் பனிச் சப்பாத்துமாக அவள், ஒரு போத்தலிலிருந்து நாக்கை நீட்டித் துளி பிடிக்கிறாள். கூடவே பென்சிலால் படம் கீறிய ஒரு கடதாசி. சாய்ந்த பனி, அதன் வயிற்றில் ஒட்டிய மெல்லிய கோடு, கீழே கடல். கோட்டுக்கு அருகே, தம்பியிடம் பழகிய கோணல் எழுத்தில், "நல்ல தண்ணி" என்று தமிழில் எழுதியிருந்தாள். கீழே, "சவர்". கோட்டிலேயே சின்னச் சின்னப் புள்ளிகள். உறைந்த துகள்கள். கண்டுவிட்டாள்.

கடிதம் கையில் இருக்கும்போதே பொன்னையா அண்ணையின் மகள் ஓடிவந்தாள். அவருடைய புதுக் கிணற்றில் ஊற்றுக் கண்டுவிட்டதாம். போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். உள்ளே கல்லுடைக்கும் ஆட்கள் இரண்டு பேர் அலவாங்குக் கம்பியோடு நின்றார்கள். வாளியில் தண்ணீர் மேலே வந்தது. வாயில் வைத்தேன்.

எல்லோரும் என் தலையையே பார்த்தார்கள், எந்தப் பக்கம் ஆடும் என்று.

"நல்ல தண்ணி!" என்றேன். உள்ளே நின்றவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பொன்னையா அண்ணை மலர்ந்துபோய், "இன்னும் ரண்டு முழம் இறக்குங்கோடா, வடிவா ஊறும்!" என்று கத்தினார்.

"இறக்காதேங்கோ அண்ணை! இதோடை நிப்பாட்டுங்கோ! நல்ல தண்ணி மேலை மெல்லிசாத்தான் நிக்குது. இன்னும் வெட்டினால் சவர் ஏறும்!"

அலவாங்குகள் நின்றன. பொன்னையா அண்ணை கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆட்களை மேலே வரச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு தோளிலிருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"என்ன பிள்ளை, நோர்வேயிலை வேறை நாக்கு வாங்கினியோ?"

"இல்லை அண்ணை," என்றேன். "பழைய நாக்குத்தான்."